சப்பாத்தின் மேல் ஒரு சப்பாத்து

ஆங்கிலக் கதையொன்றைப் படித்த மாணவர் ஒருவர், அதில் வரும் 'கலோஷ்' என்பது யாது என நம்மை வினவியுள்ளார். சப்பாத்தின் மேல் அணியும் சப்பாத்து என்று அகராதி கூறுவது அவருக்கு நகைப்பை விளைத்ததாம்.

பனியும் சேறும் மலிந்த குளிர்நாடுகளில் அது நகைப்புக்குரியதன்று. தோற்சப்பாத்து நனைந்து கெடாதவாறு, அதன்மேல் றப்பர் உறையொன்றை மாட்டிக்கொண்டு வெளியே செல்வர். திரும்பியதும் அதனை வாயிலிலேயே கழற்றிவிடுவர். காலும் காயும்; வீட்டுத் தரையும் பிழைக்கும்.

பொருளினும் பெயரே நமக்குச் சுவை தருகிறது. இன்றைய பிரான்சு நாட்டை உரோமர் 'கல்லியா' என்றனர். அந்நாட்டாரின் காலணி அவர்களுக்குக் 'கல்லிக்கா' ஆயிற்று. உரோமப் பெருமக்கள் அதனை மதித்தாரல்லர். கி. மு. 44இல் அந்தோனியைக் கண்டித்து வரைந்த உரையிலே, அவன் கல்லிக்கா அணிந்து ஊர்களூடே விரைந்ததையும் ஒரு குற்றமாகவே சிசரோ எடுத்துரைத்தார்! இகழப்பட்ட அச்சொல்லே பழைய பிரெஞ்சிற் 'கலோஷ்' ஆகிப் பின்னர் ஆங்கிலத்திற் புகுந்தது என்பர். மரக்கால் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே மூலம் என்பாரும் உளர்.

14ஆம் நூற்றாண்டிற் கவிஞர் சோசர் இச்சொல்லை ஆண்டுள்ளார். அக்காலத்தில் அங்கே றப்பர் ஏது? மர அடியிட்ட காலணிகளுக்கும் அப்பெயர் வழங்கிற்று. 1820களிலே பிறேசில் நாட்டு றப்பர்ச் சப்பாத்துகள் அமெரிக்காவிற் பரவின. அவையோ கோடையில் இளகி ஒட்டின; மாரியில் மரம்போல் விறைத்தன. 1839இல் சாள்ஸ் குட்இயர் என்பார், றப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்ட பின்னரே உறுதியான கலோஷ் கிட்டியது. ஊரார் கால்களை நனையாமற் காத்த அவர், 1860இற் பெருங் கடனாளியாகவே இறந்தார்.

பெயரின் கதை அத்துடன் முடியவில்லை. 1923இல் குட்ரிச் என்னும் அமெரிக்கக் கம்பனி, இழுத்துப் பூட்டும் பற்களைப் பொருத்திய கலோஷ் ஒன்றைச் செய்து, அதற்குச் 'சிப்பர்' என்று பெயரிட்டது. நாளடைவிற் காலணியை விட்டுப் பூட்டையே அப்பெயர் பற்றிக்கொண்டது. மாணவரின் புத்தகப் பையிலுள்ள 'சிப்' அதுவே.

இன்னொன்று. கலோஷைக் கண்டு நகைத்த அவர் தம் கடிதத்திற் கூசாமல் எழுதியிருக்கும் 'சப்பாத்து' என்பதும் தமிழன்று. போர்த்துக்கேயர் இங்கே விட்டுச் சென்றது.