கேமராவைக் கொடுங்கள், பதிவை அல்ல

ஆரணியிலோ கலசப்பாக்கத்திலோ கடைக்கு ஐ.பி. கேமரா மாட்டுகிறவர்கள், பழைய அனலாக் கேமராக்களை எடைக்குப் போடவேண்டாம். 12 வோல்ட் அடாப்டரும் டி.வி.ஆரும் கேபிளும் சரியாக இருந்தால் அவை இன்னும் உழைக்கும், இணையமே தேவையில்லை. பட்டும் ஜரிகையும் வைத்திருக்கும் நெசவாளர் வீட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பதிவுகள் சேரும் டி.வி.ஆரின் ஹார்டு டிஸ்க் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கடைக்குப் புடவை எடுக்க வந்த பெண்களின் முகங்கள் அதில் இருக்கின்றன. வெறுமனே டெலிட் செய்த பதிவை மீட்டெடுக்க முடியும். டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்த பிறகே கைமாற்ற வேண்டும். இனி ஓடவே ஓடாது என்றானவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க, 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள் வழி சொல்கின்றன. செம்புக்காகக் கேபிளை எரிப்பதை யாரும் அனுமதிக்கக் கூடாது, பி.வி.சி. எரிந்தால் டயாக்சின் நஞ்சு காற்றில் கலக்கும்.