தோல் நிறத்தில் ஒரு கையுறை

என் பேத்தி அமெரிக்காவில் படிக்கிறாள். வயது பன்னிரண்டு. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். பேஸ்பாலுக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன தீபாவளிக்கு வீடியோவில் பேசும்போது புதுக் கையுறையைக் காமிராவுக்கு நேரே நீட்டிக் காட்டினாள். சின்ன முறம் அளவுக்கு இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டா பந்து தானா வந்து விழுமே, இதுல என்ன சாமர்த்தியம்?" என்றேன். அவளுக்குக் கோபம். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு பாருங்க தாத்தா" என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய படங்கள் இருக்கும் பக்கத்தை அனுப்பி வைத்தாள்.

ஓய்வு பெற்ற கிளார்க்குக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? நான்கைந்து நாள் ராத்திரி அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1910-ஐ ஒட்டி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். முரட்டுக் கம்பளிச் சட்டை, மீசையை மழித்த இறுகிய முகங்கள். ஆனால் என் கண் போனது கைகளுக்குத்தான். இடது கையில் போட்டிருப்பதைக் கையுறை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. குளவி கொட்டி வீங்கிய கை போல, உள்ளே பஞ்சோ கம்பளியோ திணித்த தோல். விரல்கள் கட்டை கட்டையாகத் தனித்தனியே நிற்கின்றன. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இன்று இருக்கும் வலை இல்லை; மிஞ்சிப்போனால் ஒரு சின்னத் தோல் பட்டை. பந்து அதில் மாட்டி நிற்காது. அடி பலமாக விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மற்றக் கையையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதற்கும் முப்பது வருஷம் முன்னால் போனால் விரல் நுனிகளை வெட்டிவிட்ட மெல்லிய தோலுறை. இன்னும் முன்னால் வெறுங்கை.

அந்த வாரம் கடற்கரை நடையில் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் ஒரே குரலில், "அந்தக் காலத்து ஆட்கள் ஆட்கள்தான்யா!" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எங்கள் வயதில் இதைவிடச் சுலபமான வாக்கியம் கிடையாது.

பிறகு அந்தக் கையுறையின் கதையைத் தேடிப் படித்தேன். அன்று தலையாட்டியது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1875-இல் செயின்ட் லூயிஸ் அணியில் சார்ல்ஸ் வெயிட் என்பவர் முதல் பேஸில் நின்று ஆடினார். மற்றவர்கள் எறியும் பந்தெல்லாம் முக்கால்வாசி அந்த இடத்துக்குத்தான் வரும். பந்தின் எடை ஐந்து அவுன்ஸ், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து மாதிரி. கை தாங்காமல் அவர் ஒரு தோலுறை போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நிறம் தோலின் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாதாம்! எதிரணியில் ஆடிய ஆல்பர்ட் ஸ்பால்டிங் அதைக் கவனித்துவிட்டார். கேட்டபோது, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, கையைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டிருக்கிறேன் என்று வெயிட் ஒப்புக்கொண்டாராம். ஸ்பால்டிங் 1911-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

அந்த ஸ்பால்டிங்கே 1877-இல் முதல் பேஸுக்கு மாறியபோது கையுறை மாட்டிக்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்தது கறுப்பு நிறம். யாரும் கேலி செய்யவில்லை. அவர் அப்போது நாடறிந்த நட்சத்திரம். அதோடு சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடையும் வைத்திருந்தார். பெரிய மனிதர் போட்டால் நாகரிகம், சின்ன மனிதர் போட்டால் கோழைத்தனம். அன்றும் உலகம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

வெறுங்கைக்காரர்களில் கடைசிப் பெரிய பெயர் பிட் மெக்ஃபீ. சின்சினாட்டி அணிக்காரர். உப்புத் தண்ணீரில் கையை ஊற வைத்து மரக்கச் செய்வாராம். 1882-இல் தொடங்கிப் பதினான்கு பருவங்கள் கையுறை இல்லாமலே ஆடினார். 1896-இல் விரலில் காயம் பட்டு, வேறு வழியில்லாமல் கையுறை போட்டார். அந்த வருஷம்தான் அவர் இருந்த இடத்தில் அதுவரை யாரும் பிடிக்காத அளவுக்குப் பிழையில்லாமல் பிடித்தார். வெறுங்கையின் வீரரே கையுறை போட்டதும் இன்னும் நன்றாக ஆடினார் என்றால், முந்தைய பதினான்கு வருஷ வலி யாருக்காக?

"கிரிக்கெட்டில் இன்றும் வெறுங்கையால்தானே பிடிக்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மை. ஆனால் பந்துக்குப் பந்து கை நீட்ட வேண்டிய விக்கெட் கீப்பருக்கு அங்கேயும் கையுறை உண்டு. அதைப் பார்த்து நாம் யாரும் சிரிப்பதில்லையே.

இன்னொன்று. வெறுங்கை எல்லோருக்கும் ஒரே வெறுங்கை அல்ல. 1884-இல் டொலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் கேட்சராக இருந்தார். நமது விக்கெட் கீப்பர் மாதிரி, பந்தெறிபவருக்கு எதிரே உட்கார்ந்து பிடிப்பவர். எப்படிப்பட்ட பந்து வேண்டும் என்று அவர் சைகை காட்ட வேண்டும். அதே அணியின் பந்து வீச்சாளர் டோனி மல்லேன், கறுப்பரின் சைகையை ஏற்க விருப்பமில்லாமல் தன் இஷ்டத்துக்கு எறிந்தார். அதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். வாக்கர் தான் கண்ட மிகச் சிறந்த கேட்சர் என்றும் சொன்னார். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத பந்தை, பாதுகாப்பே இல்லாத கையால் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். அதை வீரம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எறிந்தவனுக்குச் சௌகரியம்.

ஆகவே என் கருத்து இதுதான். அந்தப் படங்களில் இருப்பவர்களை மதிக்கிறேன். அவர்கள் பட்ட வலியைக் கொண்டாட மாட்டேன். என் வணக்கம் வெட்கப்பட்டுக்கொண்டே கையுறை மாட்டி வந்த அந்த வெயிட்டுக்கு. 1919-இல் பில் டோக் என்ற பந்து வீச்சாளர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வார் பின்னலாம் என்று ஒரு கம்பெனிக்கு யோசனை சொன்னார். இன்றைய கையுறையின் குழி அங்கிருந்து பிறந்தது. என் பேத்தி கையில் இருப்பது அதன் கொள்ளுப் பேத்தி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கொரு சொந்தக் காரணம் உண்டு.

மூன்று வருஷம் முன்பு காது மிஷின் வாங்கினேன். கடைப் பையன், "உங்க கலருக்கு மேட்ச்சா இருக்கு சார், வெளியே தெரியவே தெரியாது" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன். வாங்கியும் போடவில்லை. டப்பாவோடு பீரோவில் கிடந்தது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஒரு வழக்கு உண்டு: "பிராந்த்ர் தே கான்". கையுறை மாட்டிக்கொள்வது என்று அர்த்தம். இதமாக, நோகாமல் நடந்துகொள்வதை அப்படிச் சொல்வார்கள். பரீட்சையில் சரியாக எழுதி மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் எழுதவில்லை.

ஒருநாள் சாயங்காலம் காந்தி சிலைக்குப் பக்கத்தில் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரைப் பார்த்தேன். அலைச் சத்தம், கூட்டம். அவர் ஏதோ சொன்னார். எனக்கு விழவில்லை. வழக்கம்போலச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மனைவி போய்ப் பதினாறு நாள் ஆகிறது என்று அவர் சொன்னதை மறுநாள் இன்னொருவர் மூலம் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, "காது கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மிஷின் காதில்தான் இருக்கிறது. வெயிட்டின் கதையைப் படித்தபோது, அந்தத் தோல் நிறம் ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். கைத்தடியை மடக்கிப் பைக்குள் வைத்திருப்பவர்கள், மிஷினைப் பீரோவில் பூட்டியிருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கே எடுத்துப் போடுங்கள். ரொம்ப நாள் கிடந்திருந்தால் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும்.

என்னுடையதும் பழசாகிவிட்டது. அடுத்தது வாங்கும்போது கறுப்பு நிறத்தில் கேட்பதாக இருக்கிறேன்.