மலக்குழியில் இனி எவரும் இறங்கக் கூடாது: எங்கள் கொள்கைப் பிரகடனம்

'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று செய்தி வந்தால் முழுதாகப் படித்துப் பாருங்கள். வேலைக்கென்று இறங்கியவர் பல நேரம் ஒருவர்தான். அடுத்தவர், மயங்கிக் கிடந்தவரைத் தூக்கப் போன தம்பியாகவோ கூட வேலை பார்ப்பவராகவோ இருப்பார். மூன்றாமவர் அந்த இருவரையும் காப்பாற்றப் போனவர். பதறி ஓடிய அந்த நல்ல மனதை வணங்குகிறோம். ஆனால் விவரம் தெரியாமல் இறங்கினால் நல்லவரும் பிணமாகத்தான் வெளியே வருகிறார். இந்த இயக்கம் பிறந்த காரணம் அதுதான்.

குழியில் தேங்குவது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படிந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும்; நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் சில மூச்சில் சாய்ந்துவிடுவார். இது தெரியாமல் இறந்தவர்கள் உண்டு. தெரிந்தே ஆளை இறக்கிவிட்டவர்களும் உண்டு. தீமை என்று நாங்கள் சொல்வது இவர்கள் செய்வதைத்தான்.

அறிவுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதும் குற்றம் என்றது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் விதித்த 10 லட்சம் ரூபாய், 2023-இல் 30 லட்சமானது. அடைப்பு எடுக்க இயந்திரமும் வந்துவிட்டது. ஆனாலும் ஆள் இறங்குகிறார். ஏனென்றால் இறங்குகிறவர் எந்தச் சாதி என்பது இறக்குகிறவருக்குத் தெரியும். இயந்திர வாடகையைவிட அந்த உயிர் மலிவு என்று ஒப்பந்ததாரர் கணக்குப் போடுகிறார். வீட்டுக்காரரும் அதே கணக்கைத்தான் போடுகிறார்.

அனுதாபக் கூட்டம் நடத்த நாங்கள் சேரவில்லை. ஒவ்வொரு சாவும் வெறும் விபத்தாக முடிக்கப்படாமல் 2013 சட்டத்தின்கீழ் பதிவாகும்வரை காவல் நிலையத்தில் நிற்போம். தீர்ப்பு வரும்வரை வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றம் போவோம். இயந்திரம் வாங்கும்வரை நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் மனுமேல் மனு கொடுப்போம். அலுப்பூட்டும் வேலைதான், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மலர்வளையம் வைத்துவிட்டுத் திரும்புகிறவர்களால் இது ஆகாது.

உங்களிடமும் கேட்கிறோம். வீட்டுத் தொட்டி நிறைந்தால் கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். "அடியில கொஞ்சம் கசடு இருக்கு, இறங்கி எடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். எவராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். உடனே தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள்.