எளிதில் கிடைப்பதற்கு இத்தனை காவல்

லினக்ஸ்காரர்களில் ஒரு சாரார் கொஞ்ச காலமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். "என் கம்ப்யூட்டர் முழுக்க ஒரு ஃபைலில் இருக்கிறது. லேப்டாப் திருட்டுப் போனாலும் கவலையில்லை, புதுசு வாங்கி அரை மணி நேரத்தில் அப்படியே கொண்டுவந்துவிடுவேன்." நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையைப் போட்டவர் சொன்னால் கேட்பவரும் தலையாட்டுகிறார். அதே பாணியிலான கீக்ஸ் போட்டவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார். பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் மட்டும் பேச்சு தடுமாறுகிறது. "எல்லாம்தான் கிட் களஞ்சியத்தில் இருக்கிறதே!"

எல்லாம் இல்லை. பாதிகூட இல்லை. இருப்பதும் தொலைந்தால் இணையத்தில் மறுபடி கிடைக்கிறவைதான்.

நான் இந்த முறைக்கு எதிரி இல்லை. என் லேப்டாப்பிலும் நிக்ஸ்ஓஎஸ்தான் ஓடுகிறது, அதை விடுவதாகவும் இல்லை. எந்த மென்பொருள் வேண்டும், எந்தச் சேவை ஓட வேண்டும், எந்த நேர மண்டலம் என்றெல்லாம் ஒரு ஃபைலில் எழுதிவைத்தால் சிஸ்டம் அதைப் படித்துத் தன்னை அமைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய தலைமுறையாக பூட் மெனுவில் வந்து உட்காரும். கிராஃபிக்ஸ் டிரைவர் காலை வாரிவிட்டால் முந்தைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து வேலையைப் பார்க்கலாம். அருமையான ஏற்பாடு. இதன் வேர், ஈல்கோ டால்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் தீர்க்க எடுத்துக்கொண்டது, மென்பொருளை ஒரு கணினியில் பிசகில்லாமல் கொண்டுசேர்க்கும் சிக்கலை. அந்த மென்பொருளை வைத்து நாம் சேர்க்கிறவற்றைக் காப்பாற்றுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த வாக்கைப் பின்னால் வந்த ரசிகர்கள்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழில் தட்டச்சு செய்வதையே எடுத்துக்கொள்வோம். உள்ளீட்டு முறைக்கு ஐபஸ் வேண்டும், அதற்கு எம்17என் எஞ்சின் வேண்டும் என்று ஃபைலில் இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். புதிய கணினியில் இரண்டும் சமர்த்தாக வந்து இறங்கும். க்னோமைத் திறந்து தட்டிப் பாருங்கள், ஆங்கிலம்தான் வரும். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99ஐச் சேர்த்தது, என்றைக்கோ செட்டிங்ஸ் பக்கத்தில் நாம் செய்த ஒரு கிளிக். அது ஹோம் கோப்புறைக்குள் டிகான்ஃப் என்ற தரவுத்தளத்தில் பைனரியாகக் கிடக்கிறது. எடிட்டரில் திறந்து படிக்கக்கூட முடியாது. எஞ்சின் ஃபைலில் இருக்கிறது, தேர்வு இல்லை.

இப்படி வெளியே கிடப்பவற்றை எண்ணிக்கொண்டே போகலாம். ப்ளூடூத் ஹெட்ஃபோனை இணைத்த விவரம் வார் லிப் கோப்புறையில். கைரேகைப் பதிவும் அங்கேதான். வைஃபை கடவுச்சொற்கள் நெட்வொர்க் மேனேஜரின் கையில். பயர்பாக்ஸின் புக்மார்க், லாகின் எல்லாம் அதன் ப்ரொஃபைலில். எஸ்எஸ்ஹெச் சாவி இன்னொரு மூலையில்.

"அதையும் ஃபைலில் எழுதிவிட வேண்டியதுதானே" என்பார்கள். டிகான்ஃபை எழுதலாம், ஹோம் கோப்புறையையும் இதே முறையில் அமைக்கும் ஹோம் மேனேஜரில் அதற்கு வழி உண்டு. ஆனால் விஎஸ் கோடின் செட்டிங்ஸை அப்படி எழுதிப் பாருங்கள். அந்த ஃபைல், மென்பொருள்களை வைக்கும் நிக்ஸ் ஸ்டோருக்குள் போய்ப் படிக்க மட்டும் முடிகிற ஒன்றாகிவிடும். எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று உள்ளே போனால் சேமிக்க முடியவில்லை என்று எர்ரர் வரும். கண் வலிக்கிறதென்று எழுத்தைப் பெரிதாக்க கான்ஃபிக்கைத் திருத்தி, ரீபில்ட் செய்து காத்திருக்க வேண்டும். இதைச் சிலர் ஒழுக்கம் என்று பெருமைப்படுகிறார்கள்.

ரகசியங்களில் இந்த வாதம் இன்னும் மோசமாகச் சறுக்குகிறது. நிக்ஸ் ஸ்டோரில் இருப்பதை அந்தக் கணினியில் கணக்கு உள்ள யாரும் படிக்கலாம். ஆகவே கடவுச்சொல்லை ஃபைலில் நேரடியாக எழுதக் கூடாது. ஏஜ்நிக்ஸ், சாப்ஸ்-நிக்ஸ் போன்றவை ரகசியங்களைப் பூட்டி வைத்துக்கொள்ள உதவும். பூட்டைத் திறக்கும் சாவியை எங்கே வைப்பது? ஃபைலுக்கு வெளியேதான். சாவி தொலைந்தால் உள்ளே பூட்டிவைத்ததும் போச்சு.

சரி, பின்னோக்கிப் போகும் வசதி? அதுவும் மென்பொருளோடு நின்றுவிடுகிறது. புதிய பயர்பாக்ஸை ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பழைய தலைமுறைக்குத் திரும்பினால், பழைய பயர்பாக்ஸ் அந்த ப்ரொஃபைலைத் தொட மறுத்து, புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொல்லும். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. தரவு முன்னே போய்விட்டது, அதைப் பின்னால் இழுக்க எந்தத் தலைமுறைக்கும் தெரியாது. நிக்ஸ்ஓஎஸ்ஸை உருவாக்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இன்ஸ்டாலர் எழுதித்தரும் ஃபைலின் கடைசியில் ஸ்டேட்வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். டிஸ்க்கில் கிடக்கும் தரவு எந்தப் பதிப்பின் காலத்தில் தொடங்கியது என்று நினைவு வைத்துக்கொள்ளத்தான் அந்த வரி. எல்லாம் ஃபைலிலேயே இருந்தால் அது எதற்கு?

ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ரூட்டையே துடைத்துவிடுகிற தீவிர பக்தர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். எதையெதைத் துடைக்கக் கூடாது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், ஃபைலில் இல்லாத கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மற்றவர்கள் அந்தப் பட்டியலைக்கூடப் போடுவதில்லை.

"ஒரு தடவை எழுதினால் போதும்" என்பதும் உண்மையில்லை. நிக்ஸ்ஓஎஸ் 6 மாதத்துக்கு ஒருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் வெளியாகிறது. ஒரு வெளியீட்டுக்கு ஆதரவு சுமார் 7 மாதம்தான். 24.11 பதிப்பு வந்தபோது ஓப்பன்ஜிஎல் ஆப்ஷனின் பெயர் கிராஃபிக்ஸ் என்று மாறிற்று. தமிழ் தட்டச்சுக்காக எழுதிய உள்ளீட்டு முறை வரியும் பழையதாகி, எச்சரிக்கை கொடுத்தது. பழைய இன்ஸ்டாலர் தானே எழுதித்தந்த சவுண்ட் வரியோ நீக்கப்பட்டே போயிற்று. அதை அழிக்காதவரை ரீபில்ட் நடக்காது. பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைல் போட்டுப் பழைய பதிப்பிலேயே நிற்கலாம்தான். பாதுகாப்புத் திருத்தங்களும் பழையதிலேயே நிற்கும். மாடித் தோட்டம் மாதிரிதான் இது, தண்ணீர் ஊற்றுகிறவனுக்குத்தான் காய்க்கும்.

நிக்ஸ் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. அவை எங்கும் ஓடிவிடாது. கான்ஃபிக் ஃபைலே தொலைந்தாலும் இரண்டு மூன்று நாள் சலிப்போடு மறுபடி எழுதிவிடலாம். அம்மாவின் பழைய குரல் பதிவையும் பாதியில் நிற்கும் மொழிபெயர்ப்பையும் அப்படி எழுத முடியாது. கான்ஃபிக் ஃபைலுக்கு கிட், லாக் ஃபைல், கமிட் வரலாறு என்று மூன்று அடுக்குக் காவல் போடுகிறோம். எழுத முடியாதவை ஒரே ஒரு எஸ்எஸ்டியில், ஒரே ஒரு பிரதியாகக் கிடக்கின்றன.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டிஸ்க் ஒன்றை மாட்டி, கிட்டில் இருக்கும் ஃபைலை மட்டும் வைத்து சிஸ்டத்தை நிறுவட்டும். ஹோம் கோப்புறையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை அதில் வேலை பார்க்கட்டும். கை நிற்கிற ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் குறித்துவரட்டும். பேக்கப்பில் போக வேண்டியவை அந்தத் தாளில் இருக்கும். வேறு டிஸ்க்குக்கு அவற்றைத் தினமும் அனுப்ப ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி இருக்கிறது. அதற்கான ஆப்ஷன் நிக்ஸ்ஓஎஸ்ஸிலேயே உண்டு, பத்துப் பன்னிரண்டு வரிதான் வரும். பெருமையாகக் காட்டப்படும் கான்ஃபிக்குகளில் டாஸ்க்பாரின் நிறத்துக்கு அதைவிட அதிக வரிகளைப் பார்த்திருக்கிறேன்.