நெய்தவரை மேடையேற்றிய பயணம்



பெங்களூரு மாநகரில் நம்முடைய வீட்டு ஜெபக்கூட்டங்கள் எப்படித் தொடங்குகின்றன என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு வாடகை அறை. கட்டில் சுவரோரம் நகர்த்தப்படும். பரணிலிருந்து ஜமக்காளம் இறக்கப்பட்டு விரிக்கப்படும். சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாய் வண்ணங்கள் ஓடும் அந்த விரிப்பின்மேல் அமர்ந்து பாடுகிறோம். முழங்கால்படியிட்டுக் கண்ணீர் சிந்துகிறோம். அதை நெய்த கை எது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. அக்கேள்வியை எனக்குள் எழுப்பியவள் நம் சபையில் வளர்ந்த ஒரு மகள்.

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தகப்பனார் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, பி.யூ.சி. முடித்துவிட்டாள். ஃபேஷன் டிசைனிங் படிக்க வேண்டும் என்கிறாள். இது நமக்கு ஏற்ற படிப்புதானா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். தாயார் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவர் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறவர். நான் அவசரப்பட்டேன். "அது உலக ஆடம்பரத்தின் பாதை, வேறு நல்ல படிப்பாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த மகள் எதிர்த்துப் பேசவில்லை. தன் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை மட்டும் காட்டினாள். "ஐயா, இவர் பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர். இது லண்டனில் எடுத்த படம்" என்றாள்.

அன்று இரவு அச்செய்தியைத் தேடிப் படித்தேன். வந்தவாசியில் பிறந்து துபாயில் வாழும் ஆடை வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா. அவர் லண்டன் ஃபேஷன் வீக்கில் பங்கேற்கச் சென்றார். 1984 முதல் நடந்துவரும் இந்நிகழ்ச்சியை வெறும் கேளிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். கடைகளுக்குக் கொள்முதல் செய்வோரும், பத்திரிகையாளரும், வடிவமைப்பாளரும் கூடி, வரும் பருவத்தில் எது விலைபோகும் என்று பார்க்கும் பெரிய தொழிற்கூடுகை அது. அந்த மேடைக்கு அவர் எடுத்துச் சென்றது பட்டோ ஜரிகையோ அல்ல; நாம் தரையில் விரிக்கும் பவானி ஜமக்காளம். அதை நெய்யும் சக்திவேல் என்னும் நெசவாளரையும் உடன் அழைத்துச் சென்று, அந்த மேடையில் தம்மோடு நடக்கச் செய்தார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். வெளிநாட்டு மேடைகளுக்கு நம் நாட்டுத் துணிகள் எத்தனையோ முறை சென்றிருக்கின்றன. துணி போகும், துணியின் புகழும் போகும், நெய்தவர் மட்டும் தறிக்குழியிலேயே இருந்துவிடுவார். இம்முறை அவரும் போனார். அதுவே செய்தி.

பவானி, ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானி ஆறும் கூடுமிடத்தில் உள்ள ஊர். நம் கர்நாடகத்தில் பிறந்து ஓடும் காவிரியின் கரைதான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து இயந்திரத் துணிகள் வந்து குவிந்தபோது, நம் நாட்டு நெசவாளர் பலர் பிழைப்பை இழந்தனர். அப்போது பவானியின் ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் முரட்டு நூலைக்கொண்டு வண்ணப் பட்டைகள் உடைய கனத்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள். அவ்வாறு பிறந்ததே இந்த ஜமக்காளம். இங்கிலாந்துத் துணியின் நெருக்கத்தினால் உண்டான ஒரு பொருள், இங்கிலாந்தின் தலைநகரிலேயே மரியாதையோடு மேடையேறியது என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

ஆயினும் ஒரு நாள் மேடையால் ஒரு குடும்பத்தின் அடுப்பு ஆண்டு முழுவதும் எரியாது. 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. ஜமக்காளமும் அவற்றுள் அடங்கும். 2005-06இல் பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும், விசைத்தறியில் மலிவாக நெய்த போலிகள் அதே பெயரில் விற்கப்படுகின்றன என்பது பவானி நெசவாளரின் நெடுநாளைய வேதனை. கூலி போதாமையால் பிள்ளைகள் தறியில் உட்கார மறுக்கிறார்கள். கைதட்டல் முடிந்தபின் ஆர்டர் வரவேண்டும். ஆர்டருக்கேற்ற கூலி வரவேண்டும். அப்போதுதான் அந்தப் பயணம் நிறைவேறியதாகும்.

இவற்றையெல்லாம் படித்தபின் அந்தத் தாயாரின் முகமே என் கண்முன் நின்றது. மறுவாரம் அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். "அம்மா, கார்மெண்ட்ஸில் நீங்கள் என்ன தைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதினைந்து ஆண்டுகளாக அவருக்குப் போதகனாய் இருந்தும் அதுவரை அதை நான் கேட்டதில்லை. அவர் சற்றுத் தயங்கி, "காலர் மட்டும்தான் ஐயா. ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி பாக்கெட் வைப்பாள், நான் காலர். இத்தனை வருஷத்தில் ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததே இல்லை" என்றார். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். அது குறைந்தால் சூப்பர்வைசரின் வசை. சட்டை கப்பலேறிப் போகும். கழுத்துப்பட்டியில் கம்பெனியின் பெயரும் நாட்டின் பெயரும் இருக்கும். காலர் தைத்தவளின் பெயர் எங்கும் இராது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் டாக்கா அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இப்படிப்பட்ட தையல் தொழிலாளர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அதன்பிறகே, "என் ஆடையைத் தைத்தவர் யார்?" என்ற கேள்வியைப் பல நாடுகளில் மக்கள் உரக்கக் கேட்கத் தொடங்கினார்கள்.

நம் பெங்களூருவிலும் 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து, ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். இடையில் வன்முறை நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆனால் மகளின் படிப்புக்கும் வீட்டின் அவசரத்துக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்கள் அவர்கள். இரண்டே நாளில் அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. இந்நகரம் அந்தக் கைகளின் எண்ணிக்கையை அன்றுதான் கண்டது.

பிரியமானவர்களே, வேதம் கைவினைஞரைப் பெயரில்லாதவராக விட்டுவிடவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலும் அகோலியாபும் பேர்சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். நூல் நூற்ற ஸ்திரீகளின் ஞானமும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களையே பேதுருவுக்குக் காண்பித்து அழுதார்கள். அவளுடைய ஊழியத்திற்கு அந்தத் தையலே சாட்சியாயிற்று. இதை எத்தனையோ முறை பிரசங்கித்த நான், என் முன்னால் நின்ற தொற்காளைக் காணத் தவறினேன்.

அந்தத் தகப்பனாரிடம், "நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். மகளிடம் இரண்டு காரியங்களைச் சொன்னேன். முதலாவது, தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட் பெங்களூருவிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. நுழைவுத்தேர்வு எழுது, கட்டணத்தையும் கல்விக்கடனையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள். அது கைகூடாவிட்டால் டிப்ளமோ படிப்புகளைப் பார். இரண்டாவது, கல்லூரிக்குப் போகுமுன் உன் அம்மாவிடம் காலர் தைக்கக் கற்றுக்கொள். என்றாவது நீ ஒரு மேடை ஏறினால், அவர்களையும் அழைத்துக்கொண்டு ஏறு. தாயார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இம்மாதக் குடும்ப ஜெபத்தில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் கைகளால் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். காலர் தைப்பவரும், கட்டடத்தில் கலவை சுமப்பவரும், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவரும் சொல்லட்டும். பின்பு அந்த வேலையையும் அந்தப் பெயரையும் சொல்லியே ஜெபியுங்கள். அடுத்த முறை ஜமக்காளம் வாங்கும்போது அது பவானிக் கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்ற வாரம் அந்த வீட்டில்தான் ஜெபக்கூட்டம். ஜமக்காளத்தை விரிக்கும்போது அந்த மகள் அதன் ஓரத்தைத் திருப்பி, நெசவின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன்.