மடியில் கனமில்லாதவர்களுக்கும்

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. நான் தேடியதையெல்லாம் கூகுள் சேமித்து வைத்தால் எனக்கென்ன?” விவரம் தெரிந்தவர்களே இப்படித்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் நடந்தவற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பெயரா இருக்கிறது, வெறும் எண்தானே என்பது முதல் சமாதானம். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம், சுமார் 6.5 லட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய 2 கோடி தேடல்களை ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டது. பெயருக்குப் பதிலாக எண். சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய 62 வயதுப் பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தேடிய ஊரும் குடும்பப் பெயரும் போதுமானதாக இருந்தன. அதைவிட மோசம், அவர் தேடிய நோய்களில் பல அவருக்கு இல்லை. தோழிகளுக்காகத் தேடிப் பார்த்தவை. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் எப்படிப் படித்திருப்பார்?

போலீஸ் குற்றவாளியைத்தானே தேடும் என்பார்கள். 2020இல் டென்வரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். துப்பு எதுவும் கிடைக்காத நிலையில், முந்தைய 15 நாள்களில் அந்த முகவரியைத் தேடியவர்கள் யார் யார் என்று வாரண்டுடன் கூகுளிடம் கேட்டது போலீஸ். குறிப்பிட்ட ஆள்மீது சந்தேகம் இல்லை. தேடியவர் எல்லோருமே பட்டியலில். கொலையாளிகள் சிக்கினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2023இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், தேடல் வரலாற்றுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பில், போலீஸ் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டதாகக் கூறி அந்த ஆதாரத்தையும் ஏற்றது. உரிமை ஏட்டில் நின்றது, ஆதாரம் வழக்கில் நின்றது.

கம்பெனி விட்டுக்கொடுக்காது என்கிறீர்களா? 2005இல் அமெரிக்க அரசின் நீதித்துறை தேடல் விவரம் கேட்டபோது யாகூவும் எம்எஸ்என்னும் ஏஓஎல்லும் கொடுத்தன. கூகுள் மட்டும் மறுத்து, கோர்ட்டில் வாதாடி, தேடல்களைத் தர வேண்டியதில்லை என்ற உத்தரவை 2006இல் பெற்றது. ஒவ்வொரு முறையும் யாராவது வழக்காடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

‘ஹிஸ்டரியை அழித்துவிட்டேன்’ என்பதும் பாதி உண்மைதான். பிரவுசரில் அழித்தால் கணக்கில் இருப்பது போகாது.

நம் ஊரிலும் நிலைமை எளிதல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவுப்படி, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்துப்பூர்வ உத்தரவில் மின்னணு ஆவணங்களைக் கேட்க முடியும். ஆனால் இல்லாததை யாராலும் கேட்டு வாங்க முடியாது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தேடல்கள் தானாக அழியும்படி வைக்கும் வசதி கூகுள் கணக்கிலேயே இருக்கிறது. இன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள்.