தாத்தாவுக்குத் தெரியாத மந்திரம்

எங்க தாத்தா பறையடிப்பார், செத்த மாடு தூக்குவார். மானாம்பதியில் ஊர்த்தெருப் பசு நுரைதள்ளிச் செத்தால் மட்டும், "அவன்தான்யா ஏதோ வெச்சிட்டான்" என்று சேரிக்கு ஆள் வரும். ஒருமுறை புளியமரத்தில் கட்டி அடித்திருக்கிறார்கள். அப்பா சொல்லிக் கேட்டது.

இந்த நினைப்போடுதான் டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' படித்தேன். பேங்க்கில் கூட வேலை பார்ப்பவரின் மகள் கொடுத்தாள். 2018-ல் வந்த இளையோர் நாவல். எழுதியவர் நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். ஒரிஷா நாட்டில் மந்திரம் அறிந்த மாஜிகளை அரசன் கொன்றொழிக்கிறான். மிஞ்சிய பிள்ளைகள் மேல் வரி. கட்ட முடியாதவர்கள் கொத்தடிமை. ஆயுதமில்லாத கறுப்பர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ற துக்கத்தில் எழுதியதாக ஆசிரியரே சொல்கிறார். நம்ம கதையாச்சே என்று ஆசையாகப் புரட்டினேன். தாயைத் தூக்கிலிட்டதை மகள் நினைக்கிற பக்கங்களில் தொண்டை அடைத்தது.

ஆனால் ஏமாந்துதான் போனேன். அரசனின் முதல் குடும்பத்தை மாஜிகள் கொன்றார்களாம், அதனால்தான் இந்த அழித்தொழிப்பாம். கதைக்குள் அவர்கள் கையில் நிஜமாகவே நெருப்பு இருக்கிறது. 'அவங்க ஆபத்தானவங்க' என்பது காலங்காலமாக ஒடுக்குகிறவனின் சொல்லாடல். அதை ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிற பிரதியே மெய்யாக்கிக் கொடுத்துவிட்டால், நாம் எதை மறுப்பது? போதாததற்கு, ஊரை எரித்த படையோடு வந்த இளவரசன் மேல் கதாநாயகிக்குக் காதல் வேறு.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணிக் குடிசைக்குள் வெந்த 44 பேர் கையில் என்ன மந்திரம் இருந்தது? சங்கம் வைத்தார்கள், கூலி கூடக் கேட்டார்கள். சூனியக்காரி என்று பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999-ல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. அங்கேயும் பல வழக்குகளைத் தோண்டினால், விதவையின் துண்டு நிலம்தான் அடியில் கிடக்கிறது. பயம் என்பது அவன் சொல்லும் சாக்கு. கணக்கு கூலியிலும் நிலத்திலும் இருக்கிறது.

அடித்த வீட்டிலேயே பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததாம். ராத்திரியில் பின்பக்கமாக வந்து, மந்திரித்துத் திருநீறு கேட்டார்கள். தாத்தா கொடுத்தார்.

"உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, ஏன் நைனா குடுத்தே?" என்று அப்பா கேட்டாராம்.

"குடுக்கலேன்னா அதுக்கும் அடிப்பாங்கடா."

எழுத வருகிற மாணவத் தோழர்களே, மந்திரமே தெரியாத இந்த மனுசனை வைத்து ஒரு கதை எழுதுங்கள்.